விதைக்கு விட்ட புடலங்காய்

தவமக்கா தாடையால் காட்டினார்.

கைகளில் பாரம் எதுவும் இருக்கவில்லை. வலக்கையில் புது வீட்டுச் சாவி, இடக்கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் பந்தலில் தொங்கிய காயை அவர் விரலால் சுட்டவில்லை. பிஞ்சையும் காயையும் விரல் நீட்டிக் காட்டினால் வெம்பிப்போகும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. கனடாவுக்கு வரும்போது எங்களில் பலர் பாஸ்போர்ட்டைக்கூட ஒழுங்காகக் கொண்டுவரவில்லை. இதை மட்டும் எல்லாரும் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்.

"உதுதான் தம்பி, விதைக்கு விட்டது. உதைத் தொடாதையும். மற்றதெல்லாத்தையும் வெட்டிச் சாப்பிடுங்கோ. மற்றது நிண்டால் உதுக்குச் சத்துப் போகாது."

நான் அவருடைய தாடை போன திசையைப் பார்த்தேன். பந்தலின் நடுவே, வாலில் சின்னக் கல் கட்டி, தூக்குக்குண்டு போல நேராக, வெள்ளை வரிகளோடு ஒரு புடலங்காய் தொங்கியது. எத்தனை அழகு. அதைவிட வேறு எதை விதைக்கு விடுவார்கள்?

"விளங்கீட்டுது அக்கா," என்றேன்.

விளங்கவில்லை. ஆனால் அது எனக்குத் தெரிய இரண்டு கிழமையாயிற்று.

ஆவணிக்குள் போகவேணும்

தவமக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், வாகனங்கள் நிற்கும் இடத்துக்கும் கம்பிவேலிக்கும் நடுவில், குடியிருப்பவர்களுக்குத் தோட்டம் செய்யச் சின்னச் சின்னத் துண்டுகளாக நிலம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டு கட்டில் போடுகிற அளவு. அவருடையதும் என்னுடையதும் அடுத்தடுத்த துண்டுகள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. வேலைச் சப்பாத்தோடேயே தோட்டத்துக்கு வருவார், அதே சப்பாத்தோடு என் தக்காளியைப் பார்த்து, "உது என்ன, நோயாளியோ?" என்று கேட்பார்.

அவருடைய கணவர் சிவண்ணை லொறி ஓடுகிறவர். இருவரும் நகரத்துக்குக் கிழக்கே அஜக்ஸில் வீடு வாங்கினார்கள். ஐப்பசியில் போகலாம் என்று சிவண்ணை சொன்னதாகவும், வீட்டை விற்றவர்கள் அதுவரை பொறுக்க மாட்டோம் என்றதாகவும் கேள்வி. இடையில் இருந்தது புரட்டாதி. புரட்டாதியில் புது வீடு குடிபுக மாட்டோம். ஆகவே ஆவணி முடிவதற்குள், கடைசி நல்ல நாளில் பால் காய்ச்சியே ஆகவேண்டும்.

வீட்டுச் சாவி கைக்கு வந்தது. புடலங்காய் மட்டும் பச்சையாகவே இருந்தது. அதை மூட்டை கட்டி லொறியில் ஏற்ற முடியாது. அதனால்தான் அந்தக் காய் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

அது வெறும் காயல்ல. தவமக்கா அந்த விதையை வருடக்கணக்காக வளர்த்து வந்தார். முதல் வருடம் பூவோடு பனி வந்தது. அடுத்த வருடம் பிஞ்சோடு வந்தது. பிறகு ஒரு வருடம் ஒரேயொரு காய் முற்றியது. அந்த ஒன்றின் விதையிலிருந்து அடுத்த வருடம் இரண்டு. இப்படிக் கொடிக்கு இந்த ஊரின் அவசரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி எடுத்திருந்தார். இந்த வருடம் வைகாசிக் குளிரில் முதல் நாற்று முழுவதும் செத்துப்போக, மிச்சமிருந்த விதை எல்லாவற்றையும் இரண்டாம் தரம் போட்டார். கையிருப்பு முடிந்தது. முன்னர் விதை வாங்கிக்கொண்டு போன இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறார். இருவருமே கடைசிக் காய்வரை கறி வைத்துவிட்டார்கள்.

ஆகவே அந்த ஒரு காய் முற்றினால்தான் அஜக்ஸில் அடுத்த கோடைக்குக் கொடி. இல்லாவிட்டால் அத்தனை வருடமும் முதலில் இருந்து.

வெளிச்சக் கந்தோர், வெப்பக் கந்தோர்

போன கிழமை இந்தப் பத்தியில் பனிச்சப்பாத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கோடையைப் பற்றியும் எழுதக்கூடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுதலாம். எழுதி முடிப்பதற்குள் அது போய்விடும் என்பதுதான் தொல்லை. ரொறன்ரோவின் கோடை, வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று பேசிவிட்டுப் போகிற விருந்தாளி. தேத்தண்ணி வைத்துக்கொண்டு வெளியே வந்தால் எலிவேற்றர் கதவு மூடுகிற சத்தம் கேட்கும்.

இந்த ஊர் வந்த புதிதில் நான் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாறாம் மாடியில், ஏழு பேரோடு ஒரு வீட்டில் இருந்தேன். அந்தப் பங்குனி முடிவில் ஒருநாள் காலை, அறை முழுக்க வெயில். சுவரில் வெயில், கம்பளத்தில் வெயில், யாரோ கழற்றிப் போட்ட சொக்ஸில்கூட வெயில். சாளரத்தோரம் நான் வளர்த்த மிளகாய்க் கன்றைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். மனிதனுக்கே இவ்வளவு சந்தோசமாக இருந்தால் மிளகாய்க்கு எப்படி இருக்கும்?

பின்னேரம் வந்து பார்த்தேன். இலைகள் வேகவைத்த கீரை போலத் தொங்கின.

வெயில் வேறு, சூடு வேறு என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். இந்த ஊரில் வெளிச்சமும் வெப்பமும் இரண்டு வேறு அரசாங்கக் கந்தோர்கள். ஒன்று திறந்திருந்தால் மற்றது பூட்டியிருக்கும். வைகாசியில் அந்த நீண்ட வாரவிடுமுறை வரும்வரை இரண்டும் சேர்ந்து திறக்காது. அதற்கு முன்னர் எது நட்டாலும் அது நேர்த்திக்கடன்தான்.

ஆனாலும் ஒவ்வொரு சித்திரையிலும் எனக்குக் கால் நிற்காது. மண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். உள்ளே ஐஸ் இருக்கும், மேலே ஒரு விரற்கடை சேறு இருக்கும். அந்த ஒரு விரற்கடைச் சேற்றின் மணத்துக்காக நான் இந்த நாட்டின் மற்ற எல்லாக் குறைகளையும் மன்னித்திருக்கிறேன். ஈரமும், பழைய இலையும், வெட்டிய வெள்ளரியும் கலந்த மாதிரி ஒரு மணம். ஆறு மாதம் மணமே இல்லாத காற்றை இழுத்தவனுக்குத்தான் அது தெரியும்.

சரி, புடலங்காய்க்கு வருகிறேன்.

மூலையில் கிடந்தது

நான் சொன்னதைச் செய்கிற ஆள். மற்றதெல்லாவற்றையும் வெட்டச் சொன்னார், வெட்டினேன்.

புரட்டாதி முதற் சனிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. மனைவி வதனி மரக்கறி கேட்டாள். நான் கத்தரிக்கோலோடு பந்தலுக்குள் நுழைந்தேன். மூலையில், இலைகளுக்குப் பின்னால், கல் கட்டாமல் விட்டதால் வளைந்து, குட்டையாக ஒரு காய் கிடந்தது. பார்த்தால் பந்தலில் இடம் கிடைக்காமல் நின்றபடி வந்த பஸ் பிரயாணி மாதிரி இருந்தது. அதையும் வெட்டிக்கொண்டு போனேன்.

வதனி அரிந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "முத்தல். விதை கல்லு மாதிரிக் கிடக்கு. உதை எங்கையிருந்து பிடிச்சனீங்கள்?"

"தவமக்கா வெட்டச் சொன்னவ."

அவள் விதைகளை வழித்து சமையல் கழிவு போடும் பச்சை வாளியில் போட்டாள். சதையைப் பால்கறி வைத்தாள்.

நடுவில் தொங்கிய என் அழகனுக்கு நான் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலங்களில் கொடியில் பூ விரியும். வெள்ளை நூலால் லேஸ் பின்னிக் காற்றில் காயப்போட்டது போல ஒரு பூ. அந்தப் பூக்களுக்கு நடுவே அந்தக் காய் நிற்கிற நிலையைப் பார்த்துக்கொண்டே நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திப் போயிருக்கிறேன்.

பத்து நாள் கழித்துத் தவமக்கா போன் எடுத்தார்.

"என்ன தம்பி, மஞ்சள் அடிச்சிட்டுதோ?"

"இன்னும் இல்லையக்கா. கிளி மாதிரிப் பச்சையா நிக்குது."

அது எப்படி, தான் போகும்போதே அடிப்பக்கம் வெளிறத் தொடங்கிவிட்டதே என்றார். மூலையில், இலைக்குப் பின்னால், குட்டையாக, கொஞ்சம் வளைந்து இருக்கிற காயைத்தானே பார்க்கிறீர் என்று கேட்டார்.

என் வாய்க்குள் அந்தப் பால்கறியின் நார் திரும்பவும் வந்து நின்றது.

இப்போது நினைத்தால் எல்லாம் வெளிச்சமாக இருக்கிறது. தவமக்கா விதைக்கு எடுப்பது அழகானதை அல்ல, முதலில் காய்பிடித்ததை. இந்த ஊரில் முந்துவதுதான் குணம். நீளமானதில் விதை எடுத்தால் கொடி நீளமாகக் காய்க்கும், பனிக்குள் காய்க்கும். கண் படக்கூடாது என்பதற்காக அந்தக் காயில் ஒரு நூல்கூடக் கட்டவில்லை, கல் கட்டவில்லை, இலைகளுக்குள் ஒளித்து வைத்திருந்தார். விரலும் நீட்டவில்லை. அத்தனை காவலையும் தாண்டி, கண்ணூறு படாமல், அது நேராக என் சட்டிக்கு வந்திருக்கிறது.

"ஓம் அக்கா," என்றேன். "அதுதான். இருக்குது."

பொய் சொல்லிவிட்டேன்.

கிளிப்பச்சை

வதனிக்குச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு இன்னும் எங்கள் குசினிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "கவிதை எழுதுற ஆளிட்டைப் போய்ப் புடலங்காயைக் குடுத்திட்டுப் போயிருக்கிறா. வடிவானதைத்தானே பாப்பியள்," என்றாள். பிறகு உண்மையைச் சொல்லச் சொன்னாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

நாளைக்கு என்றது பல நாளைக்குப் போயிற்று. எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. நடுவில் தொங்குவதை எப்படியாவது முற்ற வைப்பது. அது மற்றதைவிட இரண்டு கிழமை இளையது. பனிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

போனில் மூன்று வானிலைச் செயலிகள் இறக்கினேன். மூன்றும் மூன்று விதமாகச் சொல்லின. நல்லதாகச் சொன்னதை நம்பினேன். காலையில் எழுந்தவுடன் பால்கனிக் கதவைத் திறந்து வெறுங்காலை வெளியே வைத்துப் பார்ப்பேன். சீமெந்து எத்தனை எண்ணுவதற்குள் காலைத் திரும்ப இழுக்க வைக்கிறது என்பது என் நாலாவது செயலி. வேலையில் கூட நின்றவர்கள் ஹொக்கியைப் பற்றிப் பேசும்போது நான் காற்றின் திசையைப் பற்றிப் பேசினேன்.

வடக்குக் காற்று வந்தது. மேப்பிள் மரங்கள் ஒவ்வொன்றாகத் தீப்பிடித்தன. ஊரெல்லாம் அந்தச் சிவப்பைப் பார்க்கக் காரெடுத்துக்கொண்டு போக, நான் ஒரு காயில் அதே சிவப்பு வரவேண்டுமென்று வேலியோரம் நின்றேன். காய் அசையவில்லை. கிளிப்பச்சை.

பிறகு, எல்லா வருடமும் ஒருதரம் வருவது போல, போன விருந்தாளி எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்த மாதிரி நாலு நாள் சூடு வந்தது. சனம் காற்சட்டையை மாற்றி அரைக்காற்சட்டைக்கு வந்தது. நாலாம் நாள் காலையில், காயின் வால் நுனியில், குழந்தை மஞ்சள் தொட்டுவிட்டுத் துடைத்த அளவுக்கு ஒரு நிறம்.

அன்றைக்கே மூன்று செயலிகளும் முதல் தடவையாக ஒரே குரலில் பேசின. நாளை விடியப்புறம் உறைபனி.

லொறிப் போர்வைகள்

வெட்டி உள்ளே கொண்டுபோவதா, மூடிவிட்டு இன்னும் சில நாள் கொடியிலேயே விடுவதா? வெட்டினால் பனி தொடாது, ஆனால் முற்றாது. விட்டால் முற்றலாம், இல்லாவிட்டால் ஒரே இரவில் கூழாகலாம். இதற்கு விடை தெரிந்த ஒரே ஆள் அஜக்ஸில் இருந்தார்.

மத்தியானம் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். தாடையில் தொடங்கிப் பால்கறி வரைக்கும், நடுவில் சொன்ன பொய் உட்பட. மறுமுனையில் யாரோ சுவரில் துளை போடுகிற சத்தம் கேட்டது.

"தம்பி."

"ஓம் அக்கா."

"கறி எப்பிடி இருந்தது?"

"முத்தல் அக்கா. நார். நல்லாயில்லை."

"நல்லாயிருந்தது எண்டு சொல்லியிருந்தீரெண்டால் உம்மோடை இனிக் கதைச்சிருக்க மாட்டன்," என்றார். பிறகு குரல் மாறியது. வெட்ட வேண்டாம் என்றார். கொடியில் நிற்கிற ஒவ்வொரு நாளும் விதைக்குப் பால் இறங்குகிற நாள் என்றார். பொழுது படமுன்னம் மண்ணில் இருக்கிற சூட்டோடு சேர்த்து மூடவேண்டும், தாங்கள் வெளிக்கிடுகிறோம் என்றார்.

அவர்கள் வருவதற்கிடையில் நான் வதனியின் பழைய சேலைகளைப் பந்தலின் நாலு பக்கமும் கட்டிவிட்டேன். ஒரு மாம்பழ மஞ்சள், ஒரு மயில் நீலம், ஒரு பூப்போட்ட நைலக்ஸ். பன்னிரண்டாம் மாடியிலிருந்து ஒரு பிலிப்பினோ அம்மா பால்கனியால் எட்டிப் பார்த்து, யாருக்குக் கலியாணம் என்று கேட்டார். புடலங்காய்க்கு என்று சொல்லத் தெரியாமல் கையை அசைத்தேன். அவரும் வாழ்த்துவது போலக் கையசைத்தார்.

சிவண்ணையின் லொறி வந்து நின்றது. தவமக்கா இறங்கியவுடன் என்னைப் பார்க்கவில்லை, காயைப் பார்த்தார். சேலைகளைப் பார்த்துவிட்டு, "உது குளிருக்கோ, படமெடுக்கவோ?" என்றார். சிவண்ணை லொறியின் பின்கதவைத் திறந்தார். வீடு மாறும்போது தளபாடம் சுற்றுகிற தடித்த நீலப் போர்வைகள் அங்கே ஒரு குவியலாகக் கிடந்தன. அலுமாரியையும் சோபாவையும் அஜக்ஸுக்குக் கொண்டுபோன போர்வைகள்.

மூன்று பேருமாகப் பந்தலைச் சுற்றினோம். அடியில், சுடுதண்ணி நிரப்பிய பால் கலன்களை வரிசையாக வைத்தோம். வதனி ஒவ்வொரு தரமும் எலிவேற்றரில் இரண்டிரண்டாகக் கொண்டுவந்தாள். சூரியன் அடுத்த கட்டடத்துக்குப் பின்னால் இறங்கியபோது, பந்தல் தலைப்பாகை கட்டிய ஒரு பருத்த மனிதர் குந்தியிருப்பது போல இருந்தது.

விடிந்தது. புல் வெள்ளை. கார்க் கண்ணாடிகள் வெள்ளை. என் தக்காளிகள் கறுத்துத் தலை தொங்கிக் கிடந்தன, அவற்றை நான் மறந்தே போயிருந்தேன். போர்வை பப்படம் போல விறைத்திருந்தது. அதை மெல்ல உரித்தேன். உள்ளிருந்து ஒரு இளஞ்சூடு முகத்தில் அடித்தது. இலையெல்லாம் பச்சை. காய் தொங்கியது.

ஒன்பது நாள் அப்படி மூடித் திறந்தோம். சிவண்ணை போர்வைகளைக் கேட்கவேயில்லை. பத்தாம் நாள், இனி எந்தப் போர்வைக்கும் அடங்காத குளிர் வருகிறது என்று தெரிந்தபோது, காய் முக்கால்வாசி செம்மஞ்சளாக இருந்தது. வெட்டினேன். எங்கள் குசினிச் சாளரத்தில், சூடான காற்று வரும் இடத்துக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம்.

ஒரு கிளாஸ் தண்ணீர்

தவமக்கா வந்து அதைப் பிளந்த நாளில் வெளியே மழையும் பனியும் கலந்து பெய்தது. உள்ளே சிவப்புச் சதை, அதற்குள் பற்கள் போல விதைகள். கழுவித் துணியில் பரப்பினார். பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தன.

"தண்ணிதான் சொல்லும்," என்றார்.

கண்ணாடிக் கிளாஸ் ஒன்றில் தண்ணீர் எடுத்து மேசை நடுவே வைத்தோம். நிறைந்த விதை கீழே போகும். பொக்கு மிதக்கும்.

முதல் விதை மிதந்தது. இரண்டாவது மிதந்தது. தவமக்கா அவசரப்படாமல், ஒவ்வொன்றாக, குழந்தையின் காதில் மருந்து விடுவது போலக் கவனமாக விட்டார். பத்து, பன்னிரண்டு. எல்லாம் மேலே நின்று என்னைப் பார்த்தன. வதனி தேத்தண்ணிக் கரண்டியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, அந்தக் குட்டைக் காயெண்டால் எல்லாம் அடிக்குப் போயிருக்கும், என்ன?" என்று கேட்டேன்.

"கதையாதையும்," என்றார். அடுத்ததை விட்டார்.

அது தண்ணீரைத் தொட்டது. ஒரு கணம் யோசித்தது. பிறகு, யாரோ கூப்பிட்டது போல, ஆடி ஆடி அடிக்குப் போய்க் கிளாஸில் டிக் என்று இருந்தது.

ஒரு பொருள் மூழ்கியதற்காக மூன்று பெரிய ஆட்கள் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசியில் அடியில் ஏழு விதைகள் கிடந்தன. தவமக்கா கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிந்திப் பிடித்த காயின் விதை, பிந்தித்தான் காய்க்கும், திரும்பவும் இரண்டு மூன்று வருடம் பழக்கவேண்டி வரும் என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் கவலை இல்லை. ஒரு வேலை கிடைத்தவரின் குரல் இருந்தது.

"ஆனால் வடிவாக் காய்க்கும்," என்றேன்.

"வடிவு," என்றார், விதைகளைத் துடைத்தபடி. "சனிக்கிழமை வாரும். நிலம் இறுகமுன்னம் பந்தலுக்குக் கிடங்கு வெட்டவேணும்."

வெறும் பந்தல்

அஜக்ஸில் அவர்களுடைய பின்வளவு புதிதாகக் கட்டிய வீடுகளின் பின்வளவு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கீழே களிமண், மேலே பாய் போல விரித்த புல், ஓரத்தில் குச்சியில் கட்டிய ஒரு சின்ன மரம். ஏரிப் பக்கமிருந்து காற்று தடையில்லாமல் வந்தது. சிவண்ணை அலவாங்கால் நிலத்தைக் குத்தினார். மேல்மண் ஏற்கெனவே பிஸ்கட் போல உடைந்தது. இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் அலவாங்கு துள்ளியிருக்கும்.

வைகாசியில் செய்யலாமே என்று சிவண்ணை கேட்டார். வைகாசியில் கொடிக்குப் பந்தலுக்காகக் காத்திருக்க நேரமில்லை என்று தவமக்கா சொன்னார். ஏழு விதைக்கு நாலு தூண் போதாதா என்று சிவண்ணை கேட்டார். ஆறு வேண்டுமென்று பதில் வந்தது.

ஆறு கிடங்கு வெட்டினோம். ஆறு தூண் நட்டோம். குறுக்குத் தடிகள் வைத்துக் கம்பி இழுத்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் இலை கூட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அயலவர் நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பனிக்காலத்துக்கு என்ன கட்டுகிறீர்கள் என்று கேட்டார். சிவண்ணை களைத்துப்போய் நின்றார். கையை அகட்டி நீளத்தைக் காட்டி, பாம்பு மாதிரி ஒரு மரக்கறி, மேலே இருந்து தொங்கும் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அயலவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலை முடியவும் பனி விழத் தொடங்கியது. அந்த வருடத்தின் முதல் பனி. விழலாமா என்று கேட்டுக்கேட்டு விழுகிற பனி. கம்பிகளில் தங்கி, தூண்களில் தங்கி, எங்கள் தோள்களில் தங்கியது. விதைகள் உள்ளே, ஒரு கடித உறைக்குள், குசினி மேசை லாச்சியில் இருந்தன. அவற்றுக்கும் இந்தப் பந்தலுக்கும் நடுவில் ஆறு மாதம் கிடந்தது.

தேத்தண்ணி ஆறுது என்று வதனி உள்ளிருந்து கூப்பிட்டாள். தவமக்கா அலவாங்கைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள்ளால் நடந்து வந்தார். மேலே ஒன்றுமில்லை. கம்பியும் வானமும்தான். ஆனாலும் நடுவில் வரும்போது, தொங்குகிற எதுவோ தலையில் இடித்துவிடக்கூடாது என்பது போல, அவர் குனிந்து, கொஞ்சம் விலகி வந்தார்.

பின்னால் போன நானும் அந்த இடத்தில் குனிந்தேன்.